ஆர்மீனியா கற்ற பாடம்

குடிமையியலும் பொருளாதாரமும் தேர்வோடு முடிந்துவிடும் பாடங்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆர்மீனிய நாட்டை நோக்கினால் அவ்வெண்ணம் மாறும்.

1991 வரை அந்நாடு சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. எதை உற்பத்தி செய்வது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றை அரசே தீர்மானித்தது. பல்லாண்டுகள் ஒரே கட்சியின் ஆட்சி. விடுதலைக்குப் பின், 1993-இல் 'திராம்' என்னும் சொந்த நாணயம் வந்தது, விலைவாசி விஷம்போல் ஏறியது, சேமிப்பு கரைந்தது. சந்தையும் தேர்தலும் பெற்றோருக்கே புதியவை. ஆகவே, வீட்டில் கற்க இயலாததைப் பள்ளி கற்பிக்க வேண்டியதாயிற்று.

இன்று அங்கே மாணவர் சிறு கம்பெனி அமைத்து, பங்கு சேர்த்து, பொருள் செய்து விற்று, இலாப நட்டக் கணக்கும் எழுதிப் பழகுகின்றனர். அரசமைப்பையும் குடிமக்களின் உரிமைகளையும் கற்கின்றனர். 2018-இல் தலைநகர் யெரெவானில் அமைதியான போராட்டத்தால் ஆட்சி மாறியபோது, வீதிக்கு வந்தோருள் மாணவரும் பலர். பிழைப்புக்காக அயல்நாடு செல்வோர் மிகுந்த அந்நாட்டில், சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கும் துணிவையும் இப்பாடங்கள் ஊட்டக்கூடும் அன்றோ!

இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஷாஹமீர் ஷாஹமீரியான், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கென ஓர் அரசமைப்பை வரைந்து, இங்கேயே அச்சிட்டார். நாடு கிட்டுமுன்பே சட்டம் எழுதினார் அவர். நாடும் வாக்கும் உடைய நாம் அதைப் படிக்கச் சோம்பலாமா?