நீறுபூத்த நெருப்பு

சமையல் முடிந்து பல மணி நேரம் ஆகிவிட்டது. விறகடுப்பில் சுடர் இல்லை, புகையும் இல்லை. சாம்பலின் மேற்புறத்தைத் தொட்டால் சூடு தெரிவதில்லை. இனி அள்ளிக் கொட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் நெருப்பு உண்மையிலேயே அணைந்துவிட்டதா?

விறகை மூட்டியதும் அதிலிருந்து வெளிப்படும் வாயுக்களே சுடராக எரிகின்றன. அவை தீர்ந்தபின் எஞ்சும் கரி, சுடரின்றித் தணலாகக் கனல்கிறது. தணல் நிலைத்திருக்க இரண்டு வேண்டும். ஒன்று, சிறிதளவேனும் ஆக்சிஜன். மற்றொன்று, உண்டாகும் வெப்பம் விரைந்து வெளியேறாமை.

சாம்பல் இவ்விரண்டுக்கும் வழி செய்கிறது. அது நுண்ணிய துகள்களின் குவியல். துகள்களுக்கிடையே காற்று அசையாமல் அடைபட்டிருக்கிறது. காற்று மிக அரிதாகவே வெப்பத்தைக் கடத்தும். நீர் அதைப்போல் 20 மடங்குக்கும் மேல் கடத்தும். ஆகவே சாம்பல், தணலுக்குக் கம்பளிப் போர்வையாகிறது. அதே சமயம், துகள்களின் இடுக்கு வழியே சிறிது ஆக்சிஜனும் உள்ளே செல்கிறது. கல்லின்மேல் தனியே கிடக்கும் சிறு தணல் சில நிமிடங்களில் கறுத்துவிடும். சாம்பலில் புதைந்த தணலோ மறுநாளும் கனன்றுகொண்டிருக்கும். பெரிய குவியலில் மூன்று, நான்கு நாள்கள்கூட நீடிக்கலாம். இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் ஊதி அடுப்பு மூட்டிய வழக்கத்தின் அறிவியல் இதுவே.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வெப்பத்தைக் காக்கும் அதே போர்வை, தணலை நம் கண்ணுக்கும் கைக்கும் மறைத்துவிடுகிறது. அந்தச் சாம்பலைக் குப்பைக்குழியில் கொட்டினால் என்ன ஆகும்? காற்று வீசி மேற்சாம்பலை அகற்றும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். சருகோ வைக்கோலோ பற்றிக்கொள்ளும். அருகில் கூரை வீடு இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் மேட்டில் வெறுங்காலுடன் மிதிக்கும் குழந்தைகளுக்கும் தீக்காயம் ஏற்படலாம்.

ஆகவே, சாம்பலை இரும்புக் கரண்டியால் அள்ளி இரும்பு வாளியில் இடுங்கள். ஓலைக் கூடை, சாக்கு, பிளாஸ்டிக் வாளி வேண்டாம். வெட்டவெளிக்குக் கொண்டுசென்று, சற்று விலகி நின்று, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கிளறுங்கள். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். அந்த வேகத்தில் சுடுசாம்பல் முகத்தில் தெறிக்கும். 'சுர்' என்னும் ஓசை அடங்கி, ஆவி எழுவது நின்று, அடிவரை ஈரமாகும் வரை தெளியுங்கள்.

நீர் தெளிக்காத சாம்பல் வாளியை, மூடி போட்டிருந்தாலும், வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைவான இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் அற்ற அந்த நச்சுவாயு, மூடிய அறையில் உறங்குவோரின் உயிரையே பறிக்கக்கூடும்.

ஈரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் கரைந்து காரத்தன்மை பெறும். அக்காலத்தில் பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கு சாம்பலுக்கு அகன்றதும் இதனால்தான். வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவிவிடுங்கள்.