உழைப்பும் உரிமையும் – 17: திறமை யாருடையது?

தில்லி ஆர்.கே.புரம் என்றால் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது மலை மந்திரும் அதைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களும்தான். அதே ஆர்.கே.புரத்தின் வெஸ்ட் பிளாக் அரசுக் கட்டடங்களில் ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடை மருத்துவச் சேவையின் தலைமையகமும் இயங்குகிறது. 1779-இல் வங்காளத்தில் குதிரை வளர்ப்புக்காகத் தொடங்கப்பட்ட துறையிலிருந்து கிளைத்த படை அது. ஹிசார், பாபுகர் பண்ணைகளில் ராணுவக் குதிரைகள் பிறப்பதும் சஹாரன்பூரில் அவை பழக்கப்படுவதும் அதன் பொறுப்பு. அங்கே லாடம் அடிப்பது ஒரு தனித் தொழிற்பிரிவு. அதற்குப் பயிற்சியும் தேர்வும் பணிப்பதிவேடும் உண்டு. 2022-இல் அக்னிவீரர் முறை வந்த பிறகு ஓய்வூதிய உறுதி பலருக்கு இல்லாமல் போனது உண்மைதான். ஆனாலும், குதிரையைப் பேணுவது தேர்ந்த தொழில் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில், பிரதமர் இல்லத்துக்கு அருகிலேயே தில்லி ரேஸ் கிளப் இருக்கிறது. பந்தயத் தொழிலில் அதே வேலையைச் செய்பவருக்கு அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. இந்த வாரம் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: திறமையின் பெயரால் சட்டத்தில் இடம்பிடித்த ஒரு தொழில், அந்தத் திறமைக்குரியவரை ஏன் கணக்கிலேயே சேர்க்கவில்லை?

திறமை என்று நான் சொல்வது எதை? பந்தயக் குதிரை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அந்த எடையையும் வேகத்தையும் தாங்குபவை மெலிந்த நான்கு கால்கள். முன்னங்காலின் தசைநாணில் கோளாறு தொடங்கும்போது குதிரை உடனே நொண்டாது. அந்த இடத்தில் இலேசாகச் சூடேறும். விடியற்காலையில் காலைத் தடவிப் பார்க்கும் ‘சைஸ்’, அதாவது குதிரைக்காரர், அந்தச் சூட்டை விரல்களால் உணர்வார். மருத்துவரை அழைக்க வேண்டுமா என்று முதலில் தீர்மானிப்பவர் அவரே. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் சாதாரண வயிற்றுவலிகூட அதன் உயிரைக் குடித்துவிடலாம். தீனியை மிச்சம் வைத்தது, சாணம் இறுகியது, வயிற்றைத் திரும்பிப் பார்த்தது ஆகிய சிறு குறிப்புகளைக் கொண்டு நள்ளிரவில் ஆபத்தைக் கண்டுகொள்பவரும் அவர்தான். காலைப் பயிற்சியில் குதிரையை ஓட்டிப் பார்ப்பவர், லாடம் அடிப்பவர், லாயத்தைக் கூட்டி, கொள்ளும் ஓட்ஸும் அளந்து போடுபவர் எனப் பல கைகள் சேர்ந்துதான் அந்த இரண்டு நிமிட ஓட்டத்தை உருவாக்குகின்றன.

இனி, சட்டத்தின் கதைக்கு வருவோம். 1974-இல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்க இன்னொரு சட்டம் வந்தது. இவை உச்ச நீதிமன்றம்வரை சென்றன. 1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, பெரும்பகுதி திறமையைச் சார்ந்தது என்றது. குதிரையின் உடல்தகுதி, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்க முடியும் என்பதே அதன் அடிப்படை. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றானது. இந்தியாவில் பந்தயத் தொழில் இன்றும் சூதாட்டத்திலிருந்து வேறுபட்டு நிற்பதற்கு ஊன்றுகோல் இந்த ஒரு சொல்: திறமை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நீதிமன்றம் பேசியது பணம் கட்டுபவரின் கணிக்கும் திறமையைப் பற்றியும் அல்லவா, அதில் லாயத் தொழிலாளியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் கணிப்பவர் எதைக் கணிக்கிறார்? குதிரையின் உடல்நிலையையும் அது பெற்ற பயிற்சியையும்தானே. அந்த உடல்நிலை தானாக அமைவதில்லை. மாதக்கணக்கான பேணலின் விளைவு அது. பேணல் ஒழுங்காக இருப்பதால்தான் முந்தைய ஓட்டத்தைப் பார்த்து அடுத்த ஓட்டத்தை ஊகிக்க முடிகிறது. லாயத்து உழைப்பை எடுத்துவிட்டால் கணிக்க எதுவும் மிஞ்சாது. சீட்டைக் குலுக்கிப் போடுவதற்கும் பந்தயத்துக்கும் வேறுபாடு இருக்காது. ஆகவே, தீர்ப்பு தொழிலுக்கு அளித்த பாதுகாப்பு, நியாயப்படி அந்த உழைப்பையும் சேர வேண்டும்.

பதிவேடு வைப்பது இந்தத் தொழிலுக்குத் தெரியாததும் அல்ல. பந்தயக் குதிரை இனமான தரோபிரெட் என்பதே ஒரு பதிவேட்டால் உருவான இனம். 1791-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வெதர்பி தொடங்கிய வம்சாவளி ஏடு, இன்றுள்ள தரோபிரெட் குதிரைகளின் ஆண்வழியைப் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டிக்கு உலகெங்கும் இந்த ஏட்டில் இடம் கிடையாது. இந்தியாவில் புனேயிலுள்ள பதிவு ஆணையம், மரபணுச் சோதனையால் பெற்றோரை உறுதிசெய்த பிறகே குட்டியைப் பதிகிறது. தோலுக்கடியில் மைக்ரோசிப், கையில் பாஸ்போர்ட் எனக் குதிரையின் அடையாளம் அத்தனை துல்லியமாகக் காக்கப்படுகிறது. அதே துல்லியத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவிட்டால், அந்தக் குதிரையைப் பேணுபவர் எத்தனை ஆண்டுகள், யாரிடம், எந்தப் பொறுப்பில் வேலை செய்தார் என்பதையும் பதியலாம்.

குதிரைக்காரரை வேலைக்கு வைப்பவர் பயிற்சியாளர். கிளப் எப்படிப் பொறுப்பேற்கும் என்பது அடுத்த தடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்கில் 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ரேஸ் கிளப்பும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் நோக்கத்துக்கு ஒரு ‘கடை’யே என்று கூறி, அதன் ஊழியர்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. பெரிய வெற்றி அது. ஆனால் கிளப்பின் நேரடி ஊழியருக்குக் கிடைத்த அந்தக் குடை, சிறு முதலாளியான பயிற்சியாளரிடம் வேலை செய்பவருக்குத் தானாக விரிவதில்லை. உதைபடுவதும், குதிரை தள்ளிக் கீழே விழுவதும், கிளாண்டர்ஸ் போன்ற தொற்றுக்கு அருகிலேயே வாழ்வதும் அவரே. இருந்தும் வழி இருக்கிறது. பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் உரிமம் கொடுப்பது கிளப். ஜாக்கியின் எடையை அரைக் கிலோ பிசகாமல் பார்க்கும் அமைப்பு, காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் கட்டிய பயிற்சியாளருக்கே உரிமத்தைப் புதுப்பிப்போம் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது கடினம் அல்ல.

மிருகவதையும் சூதும் சேர்ந்த தொழிலை ஒழிக்க வேண்டுமே தவிரச் சீர்படுத்தக் கூடாது என்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். சாட்டையடி குறித்தும், ஓடி முடித்த குதிரைகளின் கதி குறித்தும் அவர்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை. ஆனால், தொழில் மூடப்படும்போதுதான் தொழிலாளியின் பெயர் ஏட்டில் இல்லாததன் முழுக் கொடுமையும் வெளிப்படுகிறது. 2024 ஜூனில் ஊட்டிப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகை ரத்தானது. ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா என்று 1945-இல் குறிக்கப்பட்ட வாடகையையும், 730 கோடி ரூபாய் பாக்கியையும் பார்த்தால், பொது நிலம் பொதுமக்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற வாதம் வலுவானதுதான். நிலத்துக்கு அளவை உண்டு, பாக்கிக்குக் கணக்கு உண்டு. லாயத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தால்தான் இழப்பீட்டையோ மாற்று வேலையையோ பற்றிப் பேசவே முடியும். ஆகவே, தொழில் தொடர வேண்டும் என்பவருக்கும் ஒழிய வேண்டும் என்பவருக்கும் முதல் வேலை ஒன்றே.

இதற்கான பணத்துக்குப் புதிய சுமை தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்தின் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆகியிருக்கிறது. இந்த வரியால் தொழிலே நசிகிறது என்று கிளப்புகள் சொல்வதால், இன்னொரு வரியை நான் கேட்கவில்லை. வசூலாவதில் ஒரு சிறு பங்கைத் தொழிலாளர் நலத்துக்கென்று ஒதுக்கச் சொல்கிறேன். முன்மாதிரியும் கைவசம் இருக்கிறது. தமிழ்நாடு 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து நல வாரியங்களுக்கு வழி திறந்தது. கட்டுமானச் செலவில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டடத் தொழிலாளர் நலத்துக்கு அளிக்கும் மத்தியச் சட்டம் வந்தது 1996-இல். மேஸ்திரி மாறினாலும் ஊர் மாறினாலும் சித்தாளின் அட்டை அவர் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. குதிரைப் பந்தயம் திறமைக்குரியது என்று நீதிமன்றம் சொன்னதும் அதே 1996-இல்தான். அந்த ஆண்டின் இரண்டு முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் போதும்: திறமைக்காகத் தொழிலைக் காப்பாற்றிய நாடு, திறமையுள்ளவர் கையில் ஓர் அட்டையைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

(தொடரும்)