மணி அடித்தால் பல்பு எரியும்!

சிவகாசியில் ஒரு வீடு. பகல் 11 மணி.

வாசலில் கியாஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் நிற்கிறார். மணியை அழுத்துகிறார். பதில் இல்லை. கதவைத் தட்டுகிறார். அதற்கும் பதில் இல்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பாட்டி பூண்டு உரித்துக்கொண்டு இருந்தாள்!

சாயங்காலம் மருமகள் பட்டாசு ஆலையில் இருந்து வந்தாள். "வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்கலையா அத்தை?" என்று கேட்டாள். "யாரும் வரலையே தாயி!" என்றாள் பாட்டி.

பாட்டி பொய் சொல்லவில்லை. அவளுக்குக் காது மந்தம்.

காது மந்தமானவர்கள் உள்ள எல்லா வீட்டிலும் இது நடக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வரும். அண்டை வீட்டார் குரல் கொடுப்பார்கள். பாட்டிக்குக் கேட்காது. குடம் காலியாக இருக்கும். விருதுநகர் பக்கம் தண்ணீரைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியது இல்லை. பிறகு வீட்டில் சண்டை. பாட்டி மெல்ல மெல்ல மூலையில் ஒதுங்கிவிடுவாள்.

இதற்கு வழி இருக்கிறது. செலவும் அதிகம் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் ஓசை

வாசல் மணியோடு ஒரு பல்பையும் சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தினால் மணியும் அடிக்கும், பல்பும் எரியும். எலக்ட்ரீசியன் செய்யவேண்டிய வேலை இது. நீங்களே கம்பியைத் தொடாதீர்கள். பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து தெரியும்படி பல்பை மாட்டவேண்டும். மணி அடித்தால் விளக்கு மின்னும் கருவிகள் கடையிலும் கிடைக்கின்றன.

செல்போனிலும் இந்த வசதி உண்டு. அழைப்பு வந்தால் முதுகுப் பக்க விளக்கு மின்னும்படி வைக்கலாம். அதிகாலையில் எழுந்திருக்கத் தலையணை அடியில் அதிரும் அலாரம் இருக்கிறது. (சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்குக் கீழே வைக்கக்கூடாது. சூடாகித் தீப்பிடிக்கலாம்.)

இன்னொன்று, நாம் பேசப் பேச எழுத்தாகக் காட்டும் செயலி. 2019-ம் ஆண்டு கூகுள் நிறுவனம் 'லைவ் டிரான்ஸ்க்ரைப்' என்ற பெயரில் இதை வெளியிட்டது. தமிழிலும் எழுதும். சில சொற்களைத் தப்பாக எழுதும், சிரிப்பு வரும். ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டி, பேரன் சொல்வதைப் புரிந்துகொள்வாள்.

குக்கர் விசிலுக்கு மட்டும் கருவி தேடவேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து அடுப்பை அணைத்தால் போதும்.

காது ஏன் கெடுகிறது?

வயதானால் காது மந்தமாவது சகஜம். ஆனால், வயது மட்டும் காரணம் அல்ல. அச்சு எந்திரத்தின் பக்கத்திலும், ராஜபாளையம் நூற்பாலையிலும், சத்திரப்பட்டி விசைத்தறியிலும் பல ஆண்டுகள் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஓசையை 'டெசிபல்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பட்டாசுக்கு 1999-ம் ஆண்டு நம் நாட்டில் விதி போட்டார்கள். வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. 4 மீட்டர் என்பதைக் கவனியுங்கள். கையில் பிடித்து வெடிப்பவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

உள்காதில் சுமார் 15 ஆயிரம் மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பெரிய ஓசை அவற்றை அழித்துவிடும். அழிந்தால் மீண்டும் முளைக்காது.

வெடிச் சத்தத்தால் காது அடைத்துக்கொண்டால் சிலர் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம்! செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். அன்றே டாக்டரிடம் போங்கள்.

காது மிஷின்

1952-ம் ஆண்டு முடிவில் அமெரிக்காவில், டிரான்சிஸ்டர் வைத்த முதல் பொருள் கடைக்கு வந்தது. அது ரேடியோ அல்ல, காது மிஷின்! அதற்குப் பிறகுதான் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. இன்று மிஷின் காதுக்குப் பின்னால் மறைந்துவிடும் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

மிஷினைக் கண்ணாடி போலக் கடையில் பார்த்து வாங்கக்கூடாது. முதலில் காதைச் சோதிக்கவேண்டும். எந்த ஓசை எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி மிஷினைத் திருத்தித் தருவார்கள். முதல் சில நாள் எல்லாமே இரைச்சலாக இருக்கும். பலர் அப்போதுதான் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பொறுமையாகப் பழகவேண்டும். 'கீ' என்று கத்தினால் அநேகமாகக் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் அதற்கு எதிரி. இரவில் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். அதன் பாட்டரி மிகச் சிறியது. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கே கிடைக்கும்?

விருதுநகரில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்க்கலாம். இரண்டு காதிலும் 60 டெசிபலும் அதற்கு மேலும் குறைவு இருந்தால், 2016-ம் ஆண்டு சட்டப்படி மாற்றுத்திறனாளி என்ற சான்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் 'காதொலிக் கருவி' கேட்டு மனுக் கொடுக்கவேண்டும். 60 வயது தாண்டிய ஏழைகளுக்காக 2017-ம் ஆண்டு தொடங்கிய 'வயோஸ்ரீ' திட்டத்திலும் இந்தக் கருவி சேர்க்கப்பட்டிருக்கிறது.

மிஷின் வந்துவிட்டது என்று வாசல் பல்பைக் கழற்றிவிடாதீர்கள். இரவில் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாட்டி தூங்குவாள்.