நெக்கார் நதிக்கரையில் மீண்டும் ஐவர்

பள்ளித் தோழமைக்கு ஒரு சிறப்புண்டு. ஊர்த் தோழமைக்கு வேறொரு சிறப்புண்டு. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது தோழமையொன்றும் இக்காலத்தில் உருவாகியிருக்கிறது. வெவ்வேறு தேசத்து மாணவர் சிலர் ஒரேயொரு தவணைக் காலம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் கூடிப் பயின்று, தவணை முடிந்ததும் திசைக்கொருவராய்ப் பிரிந்து செல்லும்போது விளையும் நட்பே அது. ஐந்து மாதம் பழகியவரை ஆயுள் முழுவதும் நினைத்திருத்தல் கூடுமோ என ஐயுறுவோர் உளர்.

வள்ளுவப் பெருந்தகை நட்பின் இயல்புகளை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றுக்குப் 'பழைமை' என்று பெயர். பழகிய காலத்தின் நீளத்தை அளப்பது அவ்வதிகாரத்தின் நோக்கமன்று. பழகியவர் எடுத்துக்கொள்ளும் உரிமையை மனமுவந்து ஏற்பதே பழைமையென அது காட்டுகிறது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஐந்து மாத நட்பும் பழைமையாகலாம். 2025ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நாம் மேற்கொண்ட பயணமொன்று இதனை எமக்கு நன்கு உணர்த்திற்று.

பரிமாற்றம் பிறந்த நகரம்

நாம் சென்றது ஜேர்மனியின் தென்மேற்கே நெக்கார் நதிக்கரையில் அமைந்த ஹைடெல்பேர்க் நகருக்கு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1386ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இன்றைய ஜேர்மனியிலுள்ள பல்கலைக்கழகங்களுள் மூத்தது அதுவே. மாணவர் பரிமாற்றத்துக்கும் அந்நகருக்கும் தனித்ததொரு தொடர்புண்டு. முதலாம் உலகப் போரின் பின் அறிவுலகிலே ஜேர்மனி தனித்து நின்ற வேளையில், கார்ல் யோவாகிம் பிரீட்ரிக் என்ற மாணவர் அங்கிருந்து முயன்று, அமெரிக்காவிற் பயில்வதற்குப் பதின்மூன்று புலமைப் பரிசில்களைப் பெற்றுக் கொடுத்தார். அச்சிறு முயற்சியே 1925இல் கல்விப் பரிமாற்றச் சேவையாக உருவெடுத்தது. 1945இற் கலைக்கப்பட்ட அச்சேவை 1950இல் பொன் நகரில் மீண்டும் தொடங்கப்பெற்றது. பின்னர் 1987இல் ஐரோப்பிய நாடுகள் எராஸ்மஸ் என்னும் திட்டத்தை வகுத்தன. முதலாண்டில் அதன்வழி அயல்நாடு சென்றோர் 3,244 மாணவர்.

திட்டங்கள் பலவாயினும் அவற்றின் அடிப்படை எளிது. மாணவன் தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவனாகவே இருப்பான். அயல்நாட்டில் அவனிடம் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. அங்கு சித்தியடைந்த பாடங்களைத் தாய்ப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். இதற்கென ஐரோப்பாவில் ஒரு தவணைப் படிப்புக்கு முப்பது புள்ளிகள் என்ற பொது அளவும் உண்டு.

ஒரே அடுக்களை

2004ஆம் ஆண்டின் குளிர்காலத் தவணையில் நாம் அங்கு சேர்ந்தோம். மாணவர் விடுதியின் எமது மாடியிலே பன்னிரண்டு அறைகளுக்கு அடுக்களை ஒன்று. நாங்கள் ஐவர் நண்பரானது வகுப்பறையிலன்று, அந்த அடுக்களையிலேதான். போலந்து நண்பர், பிரேசில் தோழி, யப்பானிய நண்பர், உக்ரேன் தோழி, நாம் என ஐவர். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தமையால், எல்லையைக் கடக்கையில் தம்மை எவரும் அதிகம் விசாரிக்காததை அந்நண்பர் பெருவியப்போடு சொல்லுவார். பீற்றூட் கிழங்கு ரசம் எந்த நாட்டுக்குரியது என்று அவருக்கும் உக்ரேன் தோழிக்கும் வாரந்தோறும் வழக்கு நடக்கும். எமது மிளகாய்த்தூள் டப்பா எவருடைய அநுமதியுமின்றி எல்லோருடைய சட்டிகளுக்கும் சென்று வந்தது. உரிமை என்பது இவ்வாறுதான் தொடங்குகிறது.

அவ்வாண்டு மார்கழி 26ஆம் திகதியை நாம் மறத்தல் இயலாது. உக்ரேனில் முன்பு நடந்த தேர்தல் முறைகேடானதெனத் தள்ளப்பட்டு, மறுவாக்களிப்பு நடைபெற்ற நாள் அது. தோழி அதிகாலையிலேயே தொலைக்காட்சி முன் அமர்ந்துவிட்டார். ஆனால் அன்று திரையில் முதலில் வந்தது அவருடைய நாடன்று, எமது நாடே. ஆழிப்பேரலை கரையோரங்களை விழுங்கிய செய்தி அது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்த அவ்வலை வடமராட்சிக் கிழக்கையும் விட்டுவைக்கவில்லை. எம் அக்காவின் குடும்பம் வாழ்ந்தது அக்கரையிலேதான்.

இரு நாட்கள் தொலைபேசித் தொடர்பு கிட்டவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த போலந்து நண்பர் இரவுப் புகையிரதத்தில் திரும்பி வந்தார். யப்பானிய நண்பர் இலக்கங்களை ஒரு தாளில் எழுதிவைத்து, மணிக்கொருமுறை ஒவ்வொன்றாகச் சுழற்றினார். பிரேசில் தோழி சோறு வடித்து வற்புறுத்தி உண்ணச் செய்தார். உக்ரேன் தோழியோ தமது தேர்தலின் முடிவைக் கேட்கவும் எழுந்து செல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை அக்காவின் குரல் கேட்டது. வீடு போயிற்று; உயிர்கள் தப்பின. அந்த மூன்று நாட்களில் அந்நால்வரும் எமக்கு உறவினராயினர்.

இருபது ஆண்டு இடைவெளி

2005இற் பிரிந்தபின் கடிதங்கள் சில காலம் வந்தன, பின்னர் குறைந்தன. எமது நாட்டில் போர் மீண்டும் மூண்டு 2009இல் முடிவுற்றது. அக்காலத்தில் எழுதுவதற்கு எமக்கு மனமிருக்கவில்லை. திருமணம், பிள்ளைகள், உத்தியோகம் என ஒவ்வொருவரையும் வாழ்க்கை இழுத்துச் சென்றது. பரிமாற்றச் சேவையின் நூற்றாண்டை முன்னிட்டுப் பிரேசில் தோழி அனுப்பிய சிறு செய்தியொன்றே எம்மை மீண்டும் ஒன்றுசேர்த்தது.

ஐவரின் கடவுச்சீட்டுகளும் ஒரு தன்மையானவையல்ல. யப்பானியரும் பிரேசில் நாட்டவரும் விசா இன்றியே தொண்ணூறு நாட்கள் தங்கலாம். நாமோ வங்கிக் கணக்கு, பாடசாலை அதிபரின் கடிதம், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எனப் பத்திரக் கட்டொன்றைச் சுமந்தே அநுமதி பெற்றோம். நட்புக்கு எல்லையில்லை என்பது மெய்யே. நண்பர்க்கு எல்லை உண்டு.

ஹைடெல்பேர்க் அதிகம் மாறியிருக்கவில்லை. மாணவரின் குறும்புகளுக்குத் தண்டனையாக 1778 முதல் 1914 வரை பயன்பட்ட மாணவர் சிறைச்சாலையின் சுவர்களில், அக்காலத்தவர் தீட்டிய உருவங்கள் இன்னும் காட்சியளிக்கின்றன. அரண்மனை நிலவறையில் 1751இற் செய்த பெரும் மதுப்பீப்பாயும் உண்டு. கொள்ளளவு ஏறத்தாழ 2,20,000 லீற்றர் என்பர். தமிழ் கற்பிக்கப்படும் தென்னாசிய நிறுவகம் 1962இல் தொடங்கப்பெற்றது. அது 2019இல் ஆசிய ஆய்வுகளுக்கான புதிய வளாகத்துக்கு மாறியுள்ளது. எமது மொழியை வேற்றினத்து இளைஞர் பயிலும் கூடத்தின் வாயிலில் நின்றபோது எமது நெஞ்சு நிமிர்ந்தது என்றால் வாசகர்கள் நகைக்கமாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தின் புதிய மண்டபத்துக்கும் ஒரு கதை உண்டு. இளமையில் அங்கு பயின்ற ஜேக்கப் கூல்ட் ஷேர்மன் என்பார் பிற்காலத்தில் அமெரிக்கத் தூதுவராய் ஜேர்மனிக்கு வந்தார். அவர் தம் நாட்டுச் செல்வரிடம் திரட்டிய நிதியால் எழுந்த மண்டபம் 1931இல் திறக்கப்பெற்றது. 'உயிருள்ள ஆன்மாவுக்கு' என்று வாயிலில் பொறித்தனர். நாசிகள் தம் ஆட்சிக் காலத்தில் அதனை அகற்றி, 'ஜேர்மானிய ஆன்மாவுக்கு' என மாற்றினர். போருக்குப் பின் பழைய வாசகமே திரும்பிற்று. ஒரு சொல்லை மாற்றுவதற்கும் மீட்பதற்கும் இடையே எத்தனை உயிர்கள்!

பாலத்தில் நடந்த உரையாடல்

மூன்றாம் நாள் மாலை நாமும் உக்ரேன் தோழியும் பழைய பாலத்தில் நடந்தோம். கணித ஆசிரியையான அவர் கார்கிவ் நகரவர். 2022 மாசியில் ரஷ்யப் படையெடுப்புத் தொடங்கியபின் மகளோடு ஜேர்மனிக்கு வந்து தஞ்சம் புகுந்திருந்தார். கணவர் அங்கேயே இருந்தார். ஏனையோர் முன்னிலையில் போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர், எம்மிடம் மட்டும் கேட்டார்: "போர் முடிந்தபின் உங்கள் ஊரிலே முதலில் திரும்பி வந்தது எது?"

சிறிது சிந்தித்து, "பாடசாலை மணி" என்றோம். கூரை போன மண்டபத்தில் தறப்பாளின் கீழ் வகுப்புகள் நடந்ததையும், பிள்ளைகள் புத்தகமின்றியும் வந்தமர்ந்ததையும் கூறினோம். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும், அக்கட்டடம் மீண்டும் எழுந்து வாசகரை வரவேற்பதையும் கூறினோம். திரும்பி வராதவரைப் பற்றியும் மறைக்கவில்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்வது அந்த நட்புக்கு அடுக்காது.

அவர் நெடுநேரம் நீரையே நோக்கி நின்றார். பின்னர், "எமது நகரில் 2023 முதல் சுரங்கப் புகையிரத நிலையங்களிலே பிள்ளைகள் பயில்கிறார்கள். அங்கும் மணி அடிக்கிறதென்று என் மாணவி எழுதியிருக்கிறாள்" என்றார். நாங்கள் நின்ற பாலத்தின் பகுதிகளும் 1945இல் பின்வாங்கிய படையினரால் தகர்க்கப்பட்டு, 1947இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டவை. அச்செய்தி பொறித்த கல்லைத் தேடவேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை. கால்களின் கீழே பாலம் இருந்தது.

மறுநாள் ஐவருமாகப் படகேறி, நான்கு கோட்டைகளையுடைய நெக்கார்ஸ்டைனாக் வரை சென்றோம். பீற்றூட் ரசத்தின் வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது; தீர்ப்பு இம்முறையும் ஒத்திவைக்கப்பட்டது. தோழி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

மாணவர்க்கு ஒரு சொல்

பரிமாற்றக் கல்விக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவச் செல்வங்கள் புள்ளிகளையும் சான்றிதழையும் பற்றியே பெரிதும் விசாரிக்கின்றனர். அவையும் வேண்டியவையே. ஏற்றுக்கொள்ளப்படும் பாடங்கள் எவை என்பதைப் புறப்படுமுன் தாய்ப் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்வதும் நன்று. ஆயினும் தம் நாட்டவரோடு மட்டுமே கூடி, தம் மொழியிலேயே பேசித் தவணையைக் கழித்துவிட்டுத் திரும்புவோர், கிடைத்தற்கரிய ஒன்றை விட்டு வருகின்றனர். பொது அடுக்களையில் அமருங்கள். அயலவரின் சட்டியில் என்ன வேகிறதென்று கேளுங்கள். பெற்றோரும், பிள்ளை அங்கு யாருடன் பழகுகிறான் என்று அஞ்சுவதோடு நில்லாது, அந்நண்பர் விடுமுறையில் வந்தால் ஒரு பாய் விரிக்க இடமுண்டு என்று சொல்லிவைத்தல் வேண்டும்.

அடுத்த சந்திப்பு யாழ்ப்பாணத்தில் என்று ஐவரும் முடிவு செய்துள்ளோம். திகதியை உக்ரேன் தோழி குறிக்கவேண்டும் என்பதே ஏனைய நால்வரின் வேண்டுகோள்.