ஓவருக்கு ஓவர் ஓர் இடைவேளை

மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை என்று நீளும் வடகொழும்பு, காலங்காலமாக உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போன பகுதி. கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியின் உதைபந்தாட்டப் பெருமை ஊரறிந்தது. ஆனால் பின்னேரம் 2.30க்குப் பகலிரவுப் போட்டி தொடங்கினால் இந்தப் பக்கத்து வீடுகளிலும் டிவியில் ஓடுவது கிரிக்கெட்தான். கால் ஒரு விளையாட்டிலும் கண் இன்னொன்றிலும் இருப்பதற்கு எது நல்ல விளையாட்டு என்பது காரணமில்லை. எது டிவிக்குத் தோதானது என்பதுதான் காரணம்.

இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி வந்தது. ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15. இரண்டே நாள் கழித்து, 17ஆந் திகதி, பொரளையில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய மைதானத்தில் நாட்டின் முதலாவது டெஸ்ட் போட்டி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. நாள் பார்த்துச் செய்த பொருத்தமில்லைதான். ஆனாலும் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. காரணம் கணக்கில் இருக்கிறது. 50 ஓவர் இன்னிங்ஸ் ஒன்றில் ஓவர்களுக்கு நடுவே 49 இடைவெளிகள். விக்கெட் விழுந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சவர்க்காரமும் பால்மாவும் விற்கலாம். உதைபந்தாட்டத்திலோ 45 நிமிடங்களுக்கு விளம்பரக்காரருக்கு வாசல் திறப்பதில்லை. 1970களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கர் கிரிக்கெட்டுக்கு வண்ணச்சட்டை மாட்டி இரவு வெளிச்சத்தில் ஆடவிட்டதும் இந்தக் கணக்கை அறிந்துதான்.

விளம்பரக்காரருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது வசதி. வீட்டில் டிவியை யாரும் முழுக்கண்ணால் பார்ப்பதில்லை. சீரியல் பார்ப்பவர் சோறு வடித்துவிட்டு வந்தாலும் மாமியார் அதே வாசலில் அதே கோபத்தோடு நிற்பார். கிரிக்கெட்டும் அப்படித்தான், தவறவிட்ட விக்கெட்டை நாலு கோணத்தில் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பந்து. இரவு எட்டு மணிக்கு ரிமோட்டுக்காக அடிபடும் சீரியலும் கிரிக்கெட்டும் உண்மையில் ஒரே சாதி. உதைபந்தாட்டம் அடுப்படி வேலைக்கு இடம் தராது. கோலைத் திருப்பிக் காட்டுவார்கள்தான். ஆனால் ஆட்டம் அதற்காகக் காத்து நிற்காது, அந்த நொடியின் பதற்றமும் திரும்பி வராது.

வென்றவர்களைத்தானே ஊர் நினைவில் வைக்கும் என்று கேட்கலாம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து உலகக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். உலகக் கிண்ணம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. அதற்காக மற்றது இவ்வளவு சுத்தமாக மறந்துபோக வேண்டியதில்லை. லாகூர் ஆட்டம் ஆண்டுதோறும் டிவியில் திரும்பி வருகிறது. கொழும்பு ஆட்டத்தை எடுத்துப் போட ஆளில்லை.

கட்டார் உலகக் கிண்ணத்தை விடியவிடியப் பார்த்தார்களே, அது உதைபந்தாட்டம் இல்லையா என்பது அடுத்த கேள்வி. அது என் வாதத்துக்கே பலம். ஆர்ஜென்டீனாவா பிரேசிலா என்று சண்டை பிடிக்கும் பையனுக்கு மெஸ்ஸியின் இடதுகால் அத்துப்படி. சொந்த நாட்டுக் கோல்காப்பாளரின் பெயர் தெரியாது. டிவி காட்டியதில்தான் அவன் பற்று வைத்தான். 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோதும் பெரும்பாலான வீடுகளில் ஒரு சலனமும் இல்லை. நிர்வாகச் சீர்கேடும் விளையாட்டைக் கெடுத்தது, உண்மைதான். ஆனால் பார்க்க ஆளிருக்கும் விளையாட்டில் சீர்கேடு நடந்தால் தெருவுக்குத் தெரு கத்துவார்கள். கிரிக்கெட் சபைக்கு விழும் திட்டே சாட்சி. கிரிக்கெட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. கழக ஆட்டம் ஒன்றை வாரத்துக்கு ஒரு தடவை, விளம்பரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அரச அலைவரிசை ஒன்று காட்டினால் போதும். மக்கள் பணத்தில் நடக்கும் அலைவரிசைக்குச் சவர்க்காரக் கணக்கு மட்டுமே கணக்காக இருக்க வேண்டியதில்லை.