பெரிய டிவி: கண்ணைவிடக் கழுத்தைக் கவனியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 43 அங்குலத்தோடு நின்றிருந்த வீடுகளும் இப்போது 65, 75 என்று விசாரிக்கின்றன. விலை, தவணை, எக்ஸ்சேஞ்ச் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பார்: "இவ்வளவு பெருசா வாங்கினா பிள்ளைங்க கண்ணு கெட்டுடாதா?"

நியாயமான கேள்வி. ஆனால் பெரிய டிவியால் வரும் தொல்லைகளில் கண்ணுக்கு வருவது குறைவு. கழுத்துக்கும் தூக்கத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் வருவதுதான் அதிகம். டிவியை எந்த உயரத்தில் மாட்டுகிறோம், எவ்வளவு தள்ளி உட்காருகிறோம், எத்தனை மணி நேரம் ஓடவிடுகிறோம் என்பவைதான் அதை முடிவு செய்கின்றன.

கிட்டே உட்கார்ந்தால் கண் கெடுமா?

"கிட்டப் போய்ப் பார்க்காதே" என்ற அதட்டலுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சில கலர் டிவிகளிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் கசிவது தெரியவந்தது. மறு ஆண்டே அங்கே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது படக்குழாய் வைத்த பெட்டிகளின் காலம். இன்றைய எல்இடி, ஓஎல்இடி திரைகளில் எக்ஸ் கதிர் உண்டாக வழியே இல்லை.

கண்ணுக்குள் இருக்கும் தசைக்கு உண்மையான வேலை வைப்பது பக்கத்தில் இருக்கும் பொருள். 30 சென்டிமீட்டரில் பிடித்திருக்கும் செல்போனைத் தெளிவாகப் பார்க்கக் கண் செய்யும் முயற்சியில், இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் டிவிக்கு எட்டில் ஒரு பங்கு போதும். குழந்தை ஏதோ ஒரு திரையைப் பார்க்கத்தான் போகிறது என்றால், கையில் இருக்கும் போனைவிடச் சுவரில் இருக்கும் டிவி கண்ணுக்கு நல்லது. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடுவதில் பலன் காட்டியது வெளி வெளிச்சம். தைவானில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் விடும் திட்டம் நடக்கிறது. வருடக்கணக்காக ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். எத்தனை முறை சொன்னாலும் பிள்ளை டிவிக்கு முன்னால் போய் நிற்கிறது என்றால், அதற்குத் தூரத்தில் இருப்பது தெரியாமல் இருக்கலாம். திட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் கண், பாதிக்கும் கீழே வந்துவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து இரண்டு படம் பார்த்தால் வரும் எரிச்சலும் உறுத்தலும் இதனால்தான்.

ஹாலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டிவியின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அந்த எண்ணை 1.2-ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய குறைந்தபட்சத் தூரமும், 1.6-ஆல் பெருக்கினால் வசதியான தூரமும் அங்குலத்தில் கிடைக்கும். முதலாவது சினிமா பார்க்கும் தூரம். இரண்டாவது செய்தி, சீரியல், கிரிக்கெட் என்று மணிக்கணக்கில் ஓடுவதற்கான தூரம். 55 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் ஏழரை அடி. 65-க்கு ஆறரை முதல் எட்டே முக்கால். 75-க்கு ஏழரை முதல் பத்து. 85-க்கு எட்டரை முதல் பதினொன்றரை.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளில் பத்தடி அகல ஹால்தான் சாதாரணம். ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. சோபாவின் ஆழத்தையும் டிவியின் தடிமனையும் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே மிஞ்சுவது ஏழரை அடி. அந்த ஹாலுக்கு 55 பொருத்தம், 65 எல்லை. 75 வைத்தால் ஒரு படத்துக்கு நன்றாக இருக்கும். தினமும் நான்கு மணி நேரம் என்றால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கண்ணும் கழுத்தும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகச் சுழலும் காட்சிகளில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். பார்வைப் பரப்பை நிறைக்கும் படம் ஓடுகிறது, உடம்பு அசையாமல் இருக்கிறது. மூளைக்கு அந்த முரண் ஒத்துக்கொள்வதில்லை. சோபாவில் இருப்பவருக்கே இப்படி என்றால், நான்கு அடியில் பாய் விரித்து உட்காரும் குழந்தைக்கு அதே திரை ஏறக்குறைய 70 பாகைக்கு விரிந்து நிற்கும்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஷோரூமில் ஓடுவது 4கே படம். வீட்டில் கேபிளில் வருவதோ பெரும்பாலும் 576 வரிகள் கொண்ட பழைய எஸ்டி படம். அது பிசிறில்லாமல் தெரிய, திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 32 அங்குல டிவிக்கு அது எட்டு அடி. அதனால்தான் பழைய டிவியில் குறை தெரியவில்லை. 75 அங்குலத்துக்குப் பதினெட்டு அடி. அவ்வளவு நீளமான ஹால் எத்தனை பேருக்கு இருக்கிறது? வீட்டில் பார்ப்பது கேபிள் சீரியல்தான் என்றால் பெரிய டிவிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதே என் கருத்து. மங்கலான படத்தை உற்று உற்றுப் பார்த்துத் தலைவலியும் சேர்ந்து வரும்.

மாட்டும் உயரம்

இதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. வீடு கட்டும்போதே பிளக் பாயிண்டை ஐந்தடி உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். கீழே ஷோகேஸ், அதற்கு மேலே டிவி. பொருத்த வருகிறவரும் "குழந்தை கைக்கு எட்டாது சார்" என்று இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுவார். 32 அங்குலமாக இருந்தவரை இது பெரிதாக உறுத்தவில்லை. அதே இடத்தில் 65 வரும்போது திரையின் மேல் விளிம்பு ஏழடியைத் தாண்டிவிடுகிறது.

சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி ஆறடியில் இருந்தால், மேல் விளிம்பைப் பார்க்க 27 பாகை அண்ணாந்தாக வேண்டும். பத்து நிமிடம் தெரியாது. மாலை ஆறரைக்கு உட்கார்ந்து இரவு பத்துக்கு எழுகிறவருக்குப் பிடரியில் தொடங்கும் வலி தோள்பட்டைக்கு இறங்கும். ஏற்கெனவே கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்களுக்கு இது இன்னும் மோசம். வலி வந்ததும் தலையணையை மாற்றுகிறோம், தைலம் தேய்க்கிறோம், ஸ்கேன்கூட எடுக்கிறோம். டிவியை யாரும் இறக்குவதில்லை.

ஏழரை அடி தூரத்தில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வரம்பு: திரையின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஐந்தரை அடியைத் தாண்டக்கூடாது. அப்படிப் பார்த்தால் 65 அங்குல டிவியின் அடிப்பகுதி மூன்றடிக்கும் கீழே வரும். 75 என்றால் இரண்டரை அடிக்கு வரும். பார்க்கத் தாழ்வாகத் தோன்றும். அதுதான் சரியான உயரம். தரையில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் இன்னும் அரை அடி இறக்கலாம். பிளக் பாயிண்டை மாற்ற எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி, பிசியோதெரபிக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு.

விளக்கை அணைக்காதீர்கள்

1997 டிசம்பர் 16 மாலை, ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறிச் சில நொடிகள் மின்னின. 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஆம்புலன்ஸில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. மின்னும் ஒளி பார்வைப் பரப்பில் எவ்வளவு பெரிய இடத்தை அடைக்கிறதோ, அறை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும். அறையை வெளிச்சமாக வைத்துத் தள்ளி உட்கார்ந்து பார்க்கும்படி ஜப்பானியக் கார்ட்டூன்களின் தொடக்கத்தில் இன்றும் அறிவிப்பு வருகிறது.

பெரிய திரை, சின்ன அறை, அணைத்த விளக்கு: இந்த மூன்றும் சேர்வதைத்தான் தவிர்க்க வேண்டும். ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன என்றாலும் வீடியோ கேம்களிலும் இணையத்தில் யாரோ போடும் வீடியோக்களிலும் மின்னல் ஒளி நிறைய. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால் டிவியின் அளவைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்னும் காட்சி திடீரென்று வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புங்கள். இரண்டு கண்ணையும் மூடுவதைவிட அது பயன் தரும்.

படுக்கையறைக்குப் பெரிய டிவி வேண்டவே வேண்டாம். இரவில் முகத்தில் விழும் பிரகாசமான ஒளி, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது.

உட்கார்ந்தே கழியும் மாலைகள்

ஆஸ்திரேலியாவில் 8,800 பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. தினம் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ டிவி பார்த்தவர்களிடம், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பார்த்தவர்களைவிட மரண அபாயம் 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதய நோயால் இறக்கும் அபாயம் 80 சதவீதம் கூடுதல். டிவிதான் கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உடற்பயிற்சியைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இதற்குச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. சீரியலின் விளம்பர இடைவேளை இதற்குச் சரியாகப் பொருந்தும். ஓடிடியில் இடைவேளை இல்லை, அடுத்த எபிசோட் தானாகவே தொடங்கிவிடும். அந்த வசதியை செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை டிவி முன்னால் கொண்டுவர வேண்டாம். கவனம் திரையில் இருக்கும்போது கை கூடுதலாகவே அள்ளும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. 32 அங்குலமானாலும் 85 ஆனாலும் இதில் மாற்றமில்லை.

தாத்தா பாட்டிக்காக வாங்குவதாக இருந்தால்

பெரிய திரையால் உண்மையாகவே நன்மை பெறுகிறவர்கள் பார்வை மங்கியவர்கள். விழித்திரையின் மையப்பகுதி பழுதானவர்களுக்கு முகங்கள் பெரிதாகத் தெரிந்தால்தான் யார் பேசுகிறார்கள் என்றே புரியும். அவர்கள் ஆசையாகக் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் பணம் இல்லையே என்று வருந்த வேண்டாம். எட்டடி தள்ளி இருக்கும் நாற்காலியை நான்கு அடிக்கு நகர்த்தினால், 43 அங்குல டிவி 86 அங்குல டிவியைப் போலத்தான் தெரியும். கண்ணுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. கண்புரை உள்ளவர்களுக்குக் கூசும். பிரகாசத்தைக் குறைத்து வையுங்கள்.

மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் வசனம் தெளிவாகக் கேட்காது. பெரியவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறகு பத்து அங்குலம் குறைவான டிவியை எடுத்து, மிச்சப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள்.

சுவரும் குழந்தையும்

75 அங்குல டிவி 30 கிலோவுக்கு மேல் வரலாம். இன்றைய அடுக்குமாடிகளில் உள்சுவர் பல இடங்களில் எடை குறைந்த காற்றடைப்புக் கல்லால் கட்டியது. சாதாரண பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் அதில் நிற்காது. உங்கள் சுவர் எதனால் ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் கல்லுக்கென்று வரும் ஆங்கரைப் போடச் சொல்லுங்கள். மேஜையில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் டிவியின் பின்புறத்திலிருந்து சுவருக்கு ஒரு பட்டை கட்டுவது கட்டாயம். தவழ்ந்து வந்து பிடித்து எழும் குழந்தை இழுக்கும் இழுப்புக்கே திரை முன்னால் சாயும். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்குப் பின்னாலோ மேல் தட்டிலோ வைக்காதீர்கள். அதை எடுக்கத்தான் குழந்தை ஏறும்.