மூணு பேரீச்சம்பழம் எடுத்துக் குடு

மூன்று வயதுக் குழந்தை. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பத்து வரை தடங்கலில்லாமல் சொல்லும். விருந்தாளி வந்தால் வீட்டார் அதைச் சொல்லச் சொல்லி மகிழ்வார்கள். ஒரு தட்டில் பத்துப் பேரீச்சம்பழத்தை அதன் முன்னால் வைத்து, "மூணு எடுத்துக் குடு கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். கை கொள்ளும் அளவுக்கு அள்ளித் தரும். "எத்தனை தந்தே? எண்ணு" என்றால் விரல் வைத்து 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு' என்று சரியாகவே எண்ணும். "அப்போ எத்தனை?" என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் இதை ஆராய்ந்து எழுதினார். எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டை மனப்பாடம் செய்வது போலத்தான். அந்த வரிசையின் கடைசிச் சொல்தான் மொத்தம் எவ்வளவு என்பதைக் காட்டுகிறது என்ற தெளிவு தனியாக வர வேண்டும். முதலில் 'ஒன்று' மட்டும் பிடிபடும். ஒன்று கேட்டால் ஒன்று தரும், வேறு எதைக் கேட்டாலும் ஒரு பிடி. சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதற்கப்புறம் ஒரு நாள் நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சேர்ந்தாற்போல் விளங்கிவிடும். ஒன்றிலிருந்து இங்கே வந்து சேர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.

எல்லோரும் இந்த ஓராண்டைக் கடந்துதான் வந்திருக்கிறோம், ஆனால் ஒருவருக்கும் நினைவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதிலுள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயம், அதை எப்படிக் கற்றோம் என்பதையே மறைத்துவிடுகிறது.

துபாய், ஷார்ஜா, மஸ்கட் நகரங்களின் இந்தியப் பள்ளிகளில் கே.ஜி. வகுப்பு வாசலில் நிற்கும் 'மிஸ்' பல நேரம் எம்.எஸ்சி.யோ எம்.காமோ படித்தவர். கணவருக்கு வேலை கிடைத்து, குடும்ப விசாவில் வந்து, வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல் பள்ளிக்கு விண்ணப்பித்தவர். ஊரில் முடித்த பி.எட். கையில் இருந்தால் வேலை கொஞ்சம் சுலபம். அந்த பி.எட். பெரும்பாலும் ஆறாம் வகுப்புக்கு மேலே பாடம் நடத்துபவரை மனத்தில் வைத்து அமைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று இதைத்தான் சொன்னது: ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். 2018இல் பி.எட். பட்டதாரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட அறிவிக்கையும் அதோடு செல்லாமல் போனது. "பெரிய பட்டம் இருக்கும்போது சின்ன வகுப்புக்கு லாயக்கில்லையா?" என்று பலர் கொதித்தார்கள். பட்டம் பெரிதா சிறிதா என்பது வழக்கே அல்ல. இரண்டும் வேறு வேலைகள்.

இந்த வேறுபாடு சென்னைக்குப் புதிதில்லை. சின்னப் பிள்ளைகளின் கல்விக்கென்றே தனி முறை வகுத்த மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்தார். சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அவர் நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சியிலேயே முந்நூறு பேர் அளவில் சேர்ந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவரை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்திவைத்தது. 1946 வரை அவர் இந்தியாவில்தான் இருந்தார். இன்று வளைகுடா நர்சரி விளம்பரங்களில் 'மாண்டிசோரி டிப்ளமா விரும்பத்தக்கது' என்ற வரியைப் பார்க்கும்போது எனக்கு அடையாறு ஞாபகம் வரும்.

வளைகுடாவிலேயே ஆசிரியர் பயிற்சி பெறவும் இன்று வழிகள் உண்டு. அபுதாபியில் 2007இல் எமிரேட்ஸ் உயர்கல்வியியல் கல்லூரி தொடங்கியபோது சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகம் அதற்குத் துணை நின்றது. துபாயில் 2018இல் வளாகம் திறந்த பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் அங்கே ஆசிரியர் பயிற்சியும் நடத்துகிறது. இவை போக, வேலை பார்த்துக்கொண்டே இணைய வழியில் படிக்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பி.ஜி.சி.இ. படிப்புகளும் உண்டு. பணம் கட்டுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.ஜி.சி.இ. என்பது பல்கலைக்கழகச் சான்றிதழ், கியூ.டி.எஸ். என்பது ஆசிரியத் தகுதி. முதலாவது கிடைத்ததாலேயே இரண்டாவது வந்துவிடாது. வெளிநாட்டிலிருந்தே அந்தத் தகுதியைப் பெற பிரிட்டன் அரசு 2022இல் தனி வழி ஒன்றைத் திறந்தது. இங்கிலாந்தின் முறையில் பயிற்சி மாணவர் குறைந்தது 120 நாள் பள்ளியில், உண்மையான பிள்ளைகளுக்கு நடுவே இருந்தாக வேண்டும். முதுகலைப் படிப்பு என்று பெயர், ஆனால் ஆண்டின் பெரும்பகுதி கே.ஜி. பாயில் சம்மணமிட்டு உட்கார்வதில் போகும்.

தொடக்கப் பள்ளிக் கணக்குக்கு இத்தனை பயிற்சி எதற்கு? ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்? லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் இதைக் கேட்டு 1999இல் புத்தகமாக வெளியிட்டார். கணக்கைப் போட்டால் போதாது, பிள்ளைகளுக்குப் புரிகிறாற்போல ஒரு கதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே விடையைச் சரியாகப் போட்டார்கள். பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் ஒன்றே முக்கால் பிட்சாவை இரண்டு பேருக்குப் பங்கிடுவது போன்ற கதைகளைச் சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பது. சீனர்கள் 72 பேரில் 65 பேர் சரியான கதை சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி மட்டுமே முடித்தவர்கள், அமெரிக்கர்கள் பட்டதாரிகள். நம்மூர்க் கதையாகச் சொன்னால்: ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் ஊற்றினால் எத்தனை பாக்கெட்? மூன்றரை. வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது என்று கேட்கும் பிள்ளைக்கு 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பது பதிலாகாது.

வளைகுடா வகுப்பறையில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பல பள்ளிகளில் கட்டாயப் பாடமாக அரபு. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம், அரபு வலமிருந்து இடம். ஐந்து வயதுப் பிள்ளை மூன்றைத் திருப்பிப்போட்டு எழுதினால் அம்மா பதறுகிறார். நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் தரும் விளக்கம் ஆறுதலானது. புலி இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் புலிதான். ஒரு பொருளையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே பார்ப்பது மூளையின் பழைய பழக்கம். எழுத்துக்கு மட்டும் அது உதவாது. பி, டி என்ற சின்ன ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே வயிறு எந்தப் பக்கம் என்பதுதானே வித்தியாசம்! எனவே வாசிக்கக் கற்கும் பிள்ளை அந்தப் பழக்கத்தை எழுத்துக்கு மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. இடையில் சில காலம் திருப்பிப்போட்டு எழுதுவது இயல்பு.

எண்களிலும் இதே கூத்து. 50 திர்ஹம் நோட்டின் அரபுப் பக்கத்தைப் பாருங்கள். ஐந்து அங்கே வட்டம்போல இருக்கும், சுழியம் வெறும் புள்ளி. ஆங்கில எண் படித்த பிள்ளை வட்டத்தைச் சுழியம் என்றுதான் வாசிக்கும். போதாததற்கு, அரபு வரி வலமிருந்து போனாலும் அதனுள் வரும் எண்ணில் பத்தாம் இடம் இடப்பக்கமே நிற்கும். வாய்விட்டுச் சொல்லும்போது இருபத்தொன்று 'ஒன்றும் இருபதும்' ஆகிவிடும். இது தெரிந்த ஆசிரியர், பன்னிரண்டை இருபத்தொன்று என்று எழுதிய நோட்டில் சிவப்பு மை போடுமுன், அந்தப் பிள்ளை எந்த மொழியில் எண்ணியது என்று கேட்பார்.

பயிற்சியில் மிகக் கடினமானது எதுவென்றால், நான் சொல்வது வாயை மூடிக்கொண்டிருப்பது. நம் பி.எட். மாணவர்களுக்கு 'மைக்ரோ டீச்சிங்' பழக்கமானது. சில பேர் முன்னால் சில நிமிடப் பாடம், பிறகு அலசல். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் குழு இதைத் தொடங்கியது. வீடியோ கேமராவும் அன்றே அதில் இருந்தது. இன்று கைபேசி போதும். அந்தப் பதிவில் தேட வேண்டியவற்றில் ஒன்றை மேரி பட் ரோ 1974இல் சொல்லிவிட்டார். வகுப்பறை ஒலிநாடாக்களை வைத்து, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் தாமே சொல்வார்கள், அல்லது அடுத்த பிள்ளையிடம் போவார்கள். மூன்று வினாடி பொறுக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 'மந்தம்' என்று ஆசிரியர்கள் கணித்திருந்த பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். அந்த நாடாக்களில் இன்னொன்றும் பதிவாகியிருந்தது. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வினாடி கிடைத்தது. கடைசியில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வினாடிகூட இல்லை.